பட்டியைத் தாண்டிய மண்

அந்தப் பட்டிப் பொங்கலன்று எங்கள் மாட்டுப் பட்டியில் இருந்தது அப்பா, அம்மா, நான். மாடுகளில் இரண்டு மயிலைப் பசுக்கள், ஒரு செவலைக் கிடாரி, பால் மறக்காத ஒரு கன்று. இல்லாதவர்கள் சித்தப்பாவும் சித்தியும். அவர்கள் இல்லாதது புதிதல்ல. அன்றைக்கு அவர்கள் எங்கள் பட்டிக்கு வருவது வழக்கமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தங்கள் பட்டியில் பொங்கல் வைத்துவிட்டு, அப்பா தலையில் கூடையோடு வருவதற்காகக் காத்திருப்பார்கள். அப்பா போய்க் கூடையை இறக்கிய பிறகுதான் அவர்கள் வீட்டில் இலை போடுவார்கள்.

அந்த வருடம் அப்பா போகவில்லை.

எங்கள் காடு வெள்ளகோவிலுக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. காடு என்றதும் வனம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் நிலத்துக்கே காடு என்றுதான் பெயர். அதில் ஏர் ஓட்டாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்தது கொரங்காடு. தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. அந்தப் புல்லை யாரும் விதைத்ததில்லை, அந்த மரங்களை யாரும் நட்டதில்லை. மழைக்குத் தழைத்து வெயிலுக்குக் காய்ந்து, அது பாட்டுக்கு இருந்துகொண்டிருக்கும். தட்டியைத் திறந்து மாட்டை உள்ளே விட்டால் போதும், மேய்க்க ஆள் வேண்டாம். பங்குனி சித்திரையில் புல் கருகிவிடும். அப்போது மாட்டைப் பிழைக்க வைப்பது வெள்வேல மரத்தின் நிழலும் அது உதிர்க்கிற காய்களும்தான். மரம் போனால் கோடையில் மாடு நிற்காது. மாடு நிற்காவிட்டால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அந்த ஊரில் செய்ய ஒன்றுமில்லை.

அப்பாரு, அப்பாவின் அப்பா, இருந்தவரை எட்டு ஏக்கரும் ஒன்றாக இருந்தது. அவர் போனபின் பாகம் பிரித்தார்கள். நடுவில் கிளுவைப் போத்துகளை ஊன்றி ஒரு வேலி வளர்ந்தது. கிணறு இருக்கும் பக்கம் அப்பாவுக்கு, மரம் அதிகம் இருக்கும் பக்கம் சித்தப்பாவுக்கு. இருவருக்குமே தங்களுக்குக் குறைந்துவிட்டது என்ற எண்ணம் இருந்தது. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. போக்குவரத்து குறைந்தது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் அது வெளியே தெரியாது. வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா எல்லாம் அப்படியே இருக்கும். உட்கார்ந்த பிறகு பேச ஒன்றும் இருக்காது.

மிச்சமிருந்தது அந்தக் கூடை மண் மட்டும்தான்.

பட்டிப் பொங்கலுக்குப் பட்டிக்குள் மண்ணும் சாணியும் குழைத்துச் சின்னதாக ஒரு தெப்பக்குளம் கட்டுவோம். தண்ணீர் ஊற்றி, கரையில் ஆவாரம்பூ செருகி, பூசை முடிந்ததும் மாட்டை அதன் மேல் நடத்துவோம். மாட்டின் கால்பட்டுக் கரை உடைய வேண்டும். இது ஊர் முழுக்க உள்ளதுதான். எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் ஒன்று உண்டு. குளம் கட்டுகிற மண்ணைக் கொரங்காட்டிலேயே வயதான வெள்வேல மரத்தின் அடியிலிருந்துதான் வெட்டி வர வேண்டும். மாடு மிதித்த பிறகு அந்தச் சேற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய், காட்டின் நான்கு மூலையிலும் நிற்கிற மரங்களின் தூரில் ஒரு கொத்துக் கொத்தி, ஒரு கை வைத்து மூட வேண்டும். அப்படிச் செய்தால் காடு தழைக்கும் என்பது அப்பாரு சொன்னது. அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது.

பாகம் பிரித்தபோது அந்தப் பெரிய மரம் அப்பா பங்கில் வந்துவிட்டது. அதனால் வருடா வருடம் தம்பி காட்டு மூலைகளுக்கான மண்ணை அண்ணன் சுமந்துகொண்டு போவது என்று ஆயிற்று. யாரும் பேசி முடிவு செய்யவில்லை. முதல் வருடம் அப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு போனார், அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சின்ன வயதில் நானும் பின்னால் போயிருக்கிறேன். சித்தப்பா தட்டிக்கு வெளியே வந்து நின்று கூடையை எட்டிப் பார்ப்பார்.

"ஏனுங்ணா, வருசா வருசம் கூடை சின்னதாயிட்டே வருதுங்களே. பாகத்துலதான் கொறச்சீங்க, இதுலயுமா?"

"அட்ரா, உன்ர மரத்துக்கு இதே சாஸ்தி," என்பார் அப்பா.

வருடத்தில் ஒரு நாள், அந்த ஒரு பேச்சில்தான் இரண்டு பேரும் பழைய மாதிரி சிரிப்பதைப் பார்க்கலாம்.

நான் பி.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெரிய மரத்தின் உச்சி மெலிய ஆரம்பித்தது. இலை சிறுத்தது, பிறகு மஞ்சளித்தது. ஆவணியில் மழை பெய்தும் துளிர்க்கவில்லை. அப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஊரில் எல்லோரும் சொன்ன காரணம் சாயத்தண்ணீர். திருப்பூர்ப் பக்கம் எது கெட்டாலும் சாயத்தண்ணீரைச் சொல்வது பழக்கமாகிவிட்டிருந்தது, பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. அப்பாவும் அப்படியே இருக்கட்டும் என்று விரும்பினார் என்று நினைக்கிறேன். சாயத்தண்ணீர் என்றால் திட்டுவதற்கு வெளியில் ஓர் ஆள் கிடைக்கும். சித்தப்பாதான் சிரித்தார். நொய்யல் ஆறு எங்கே கிடக்கிறது, நாம் எங்கே கிடக்கிறோம், சாயத்தண்ணீர் பஸ் ஏறியா வரும் என்று கேட்டார்.

அடுத்த வருட மழைக்கு மரத்தின் தூரில் ஒரு காளான் வந்தது. தட்டு மாதிரி, அரக்கு நிறத்தில், மேலே வார்னிஷ் அடித்தது போன்ற பளபளப்பு. அம்மா அதைப் பார்த்து என்ன அழகாக இருக்கிறது என்று சொன்னாள். அந்தக் கார்த்திகையில் காற்றே இல்லாத ஒரு காலையில் மரம் சாய்ந்தது. வேர் பிடுங்கிக்கொண்டு விழவில்லை. வேர் மண்ணுக்குள்ளேயே இற்று, மரம் மட்டும் தனியாக விழுந்தது. அதற்குள் பக்கத்து மரத்துக்கு உச்சி மெலிந்திருந்தது. அதற்கு அடுத்த மரத்தில் இலை சிறுத்திருந்தது. வரிசையாக யாரோ நடந்து வருகிற மாதிரி இருந்தது.

அப்போது நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து அதற்கு மேலும் படித்தவன் நான்தான். அதனால் அப்பாவுக்கு என்மேல் ஒரு நம்பிக்கை இருந்தது. நான் படித்தது கணக்கு வழக்கு என்று எத்தனை முறை சொன்னாலும், படிப்பு என்றால் எல்லாம் ஒரே படிப்புத்தான் என்று அவர் நினைத்தார். "நீ படிச்சவனாச்சே கண்ணு, என்னன்னு பாரு," என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு பேரிடம் விசாரித்து ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தெரிந்துகொண்டேன். கம்பெனியில் குழந்தைகள் டீ-சர்ட்டை மடித்து வைக்கிற பாலி பை ஒன்றில் அந்த மரத்தின் வேரையும் கொஞ்சம் மண்ணையும் போட்டுக் கட்டி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே பூஞ்சை நோய்கள் பார்க்கிற விஞ்ஞானி அம்மா ஒருவர் இருந்தார். பையை வாங்கி, அதன்மேல் இருந்த சைஸ் ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வேரைக் குறுக்கே வெட்டினார். உள்ளே இருந்தது கட்டையாகவே இல்லை. வெளுத்து, நனைந்த பஞ்சு போல நாராகப் பிரிந்தது. இது மண்ணில் இருக்கிற பூஞ்சை, வேரைத் தின்கிறது என்றார். நீங்கள் உச்சியில் பார்க்கிற நேரத்தில் அடியில் எல்லாம் முடிந்திருக்கும் என்றார். ஒரு மரத்தின் வேர் இன்னொரு மரத்தின் வேரைத் தொடுகிற இடத்தில் தாவுமாம். நோய் உள்ள மண்ணும் வேர்த்துண்டும் போகிற இடமெல்லாம் போகுமாம். வந்த மரத்தைக் காப்பாற்ற வழியில்லை. வராத மரத்தைக் காப்பாற்றலாம். சுற்றி ஆழமாகக் கிடங்கு, அதாவது நீளப் பள்ளம், வெட்டி வேர்த் தொடர்பை அறுக்க வேண்டும். செத்த மரத்தை அங்கேயே எரிக்க வேண்டும். மண்வெட்டியைக் கழுவாமல் வேறு காட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"இந்த மரத்தடி மண்ண வேற எங்கயாவது எடுத்துட்டுப் போனீங்களா?"

"இல்லீங்க," என்றார் அப்பா.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேசைமேல் கிடந்த வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், காங்கயம் தாண்டியபின் நானாகத்தான் ஆரம்பித்தேன். சித்தப்பாவிடம் உடனே சொல்லிவிட வேண்டும் என்றேன். அவர் பக்கத்து மரங்கள் இன்னும் பச்சையாகத்தான் இருக்கின்றன, இப்போதே கிடங்கு வெட்டினால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்றேன். நான் கம்பெனியில் கற்றுக்கொண்டது அதுதான். ஒரு பீஸில் ஊசி ஓட்டை இருந்தால் லாட்டையே நிறுத்தி வைப்போம். தைத்தவரைக் கேட்போம், அறுத்தவரைக் கேட்போம், துணி வந்த ரோலைத் தேடுவோம். மறைத்தால் பெட்டிக்குள் போய்விடும். அப்பாவிடம் இதை அப்படியே சொன்னேன்.

"சொல்லலாஞ் சாமி. எப்புடிச் சொல்றது? வருசா வருசம் பூசை பண்ணி உன்ர காட்டுக்கு நோவக் கொண்டாந்து வெச்சேன்னு சொல்றதா?"

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"நானே சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத. அம்மாகிட்டயும் வேண்டாம்."

அவர் சொல்லத்தான் போனார். எனக்குத் தெரிந்து மூன்று முறை போனார். ஒரு முறை மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். ஒரு முறை சித்தப்பாவின் ஆட்டுக்குக் கால் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது முறை தட்டி வரை போய், உள்ளே சித்தியின் பிறந்த வீட்டுச் சனம் ஒரம்பரையாக வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பேன். பொங்கல் கழியட்டும் என்பார்.

அப்படித்தான் அந்தப் பட்டிப் பொங்கல் வந்தது.

அப்பா வழக்கப்படியே குளம் கட்டினார். மண்ணும் பெரிய மரம் விழுந்த குழியிலிருந்துதான். வேறு இடத்து மண்ணில் கட்டலாமே என்று நான் சொன்னபோது, நம் பட்டிக்குள்தானே இருக்கப் போகிறது, இந்த மண்ணுக்கு இங்கே கெடுக்க இனி என்ன இருக்கிறது என்றார். கிடாரி குளத்தை மிதித்துக்கொண்டு ஓடியது. அம்மா பொங்கலை இறக்கினாள். அப்பா சேற்றை அள்ளிப் பட்டி மூலையில் குவித்து, மேலே ஒரு முள்கிளையைப் போட்டார். கூடை கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் கவிழ்ந்தே கிடந்தது. அம்மா அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பாகத்து மனத்தாங்கல் இன்றைக்குத்தான் வெளியே வருகிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் புகை எழுந்து அடங்கியது. பொழுது உச்சிக்கு வந்து சாய்ந்தது. அந்தப் பக்கம் இலை போட்டார்களா என்று தெரியவில்லை. அப்பா சாப்பிடாமல், வேலியைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் சித்தி தட்டியருகே வந்து நின்று எங்கள் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அந்தப் பிடி அவ்வளவு இறுக்கமாக இருந்தது.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் நான் அருள்புரம் வந்துவிட்டேன். ஷிப்மென்ட் நெருக்கடி. அப்பா தாராபுரம் சந்தைக்குப் போயிருந்தார். பட்டியில் இருந்தது அம்மா மட்டும். அன்று நடந்தது எங்களுக்குத் தெரிய மூன்று வருடம் ஆயிற்று.

மூன்று வருடத்தில் எங்கள் காட்டில் பாதி மரம் போய்விட்டது. அப்பா ஒவ்வொன்றையும் விழுந்த இடத்திலேயே எரித்தார். கிடங்கு வெட்டினால் எதற்கென்று தம்பி கேட்பான் என்று அதை மட்டும் தள்ளிப் போட்டார். சாயப்பட்டறை பாய்லருக்கு விறகு வாங்குகிற வியாபாரி ஒருவர் லாரியோடு வந்து கேட்டார். இப்படிக் காய்ந்த கட்டையை எரிக்கிறீர்களே, உங்களுக்கு என்ன கிறுக்கா என்று சிரித்தார். அப்பா கொடுக்கவில்லை. இந்தக் கட்டை எந்த ஊரில் இறங்குமோ, அந்த ஊரில் எத்தனை மரம் நிற்குமோ என்றார். ஒரு பசுவைக் கன்றோடு விற்றார். அப்பா ஒரு காரியம் மட்டும் விடாமல் செய்தார். விடியும் நேரத்தில் வேலியோரமாக நடந்து, தம்பி காட்டு மூலை மரங்களின் தூரை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். முந்தைய வருடங்களில் அவர் கையால் மண் வைத்த மரங்கள் அவை. வருடா வருடம் அவை பச்சையாகவே நின்றன. "ஒண்ணுமில்ல. தப்பிச்சிருச்சுன்னு நெனைக்கறேன்," என்று என்னிடம் மெதுவாகச் சொல்வார். அந்தச் செய்தி ஒன்றுக்காகவே அவர் நடமாடிக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். பொங்கலுக்குக் கூடை போவது நின்றுவிட்டது. சித்தப்பாவும் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் வாங்க என்பதோடு சரி.

அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இருந்தேன். அப்பா வேலியோரம் போனவர் ஓடி வந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சித்தப்பா காட்டின் நடுவில் ஒரு மரம். அதன் தூரில் அரக்கு நிறத்தில் தட்டு. சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் வேறொன்றின் உச்சி மெலிந்திருந்தது.

"நடுவுல எப்புடிப்பா வந்துச்சு? நான் மூலைய உட்டு உள்ள வந்ததே இல்லியே," என்றார். என்னைக் கேட்டாரா, மரத்தைக் கேட்டாரா தெரியவில்லை.

அப்படியே நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனார். நானும் போனேன். சித்தப்பா வாசலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். சித்தி எங்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். அப்பா சொம்பை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, உங்கிட்ட மூணு வருசமா ஒண்ணு சொல்லோணும் தம்பி என்று ஆரம்பித்தார். காளான், வேர், அந்த ஆராய்ச்சி நிலைய அம்மா சொன்னது, தான் அவரிடம் இல்லீங்க என்று சொன்னது வரை ஒன்று விடாமல் சொன்னார். சித்தப்பா கயிற்றை விடவில்லை, முறுக்கவும் இல்லை.

"அப்ப, அந்த வருசம் நீங்க மறந்துட்டு இருந்துக்கலீங்களா?"

"மறக்கல."

"வேணும்னேதான் வரலீங்களா?"

"உன்ர மரத்துக்கு ஆகாதுன்னுதாண்டா வரல."

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"நானே வந்து எடுத்துட்டுப் போனனுங்ணா," என்றார் சித்தப்பா. "அடுத்த நாளு. நீங்க சந்தைக்குப் போயிருந்தீங்க. குமிச்சு வெச்சிருந்தத அப்புடியே அள்ளிட்டுப் போனேன்."

"எங்க வெச்ச?"

"எல்லாத்துக்குமுங்க. ஒரு மரம் உடல."

சித்திதான் மிச்சத்தைச் சொன்னார். முந்தின நாள் முழுக்க இலை போடாமல் காத்திருந்தார்களாம். வராதபோது சித்தப்பா கோபிக்கவில்லையாம். அண்ணன் மறந்தாரோ, நம் மேல் மனசு விட்டுப்போச்சோ, அப்பாரு மண்ணில் நமக்கும் பங்கு உண்டு என்றாராம். வழக்கமாக மூலைக்கு ஒரு கைதான். கூடை கூடையாக இருந்ததால், இந்த முறை எல்லா மரத்துக்கும் வைப்போம், அண்ணன் கை வைக்காத குறை தெரியக் கூடாது என்று மரம் மரமாக மம்முட்டியால் கொத்தி வைத்தாராம். மத்தியானம் வரை சுமந்தாராம்.

அப்பா சொம்பைக் கீழே வைத்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்ணா," என்றார் சித்தப்பா.

குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பாவை அவர் அண்ணா என்று கூப்பிட்டு நான் கடைசியாகக் கேட்டது அதுதான். அதன் பிறகும் பேசினார். வாங்க என்றார், உக்காருங்க என்றார், போயிட்டு வர்றனுங்க என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த ஒரு சொல் மட்டும் இருக்காது. வெளியாட்கள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்பா ஒவ்வொரு முறையும் அதற்காகக் காத்திருந்து ஏமாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். அம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சித்தப்பா தட்டிக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார்: "அண்ணன் மறந்துட்டாரு போலிருக்குதுங்க அண்ணி. நானே எடுத்துக்கறனுங்க." இதெல்லாம் கேட்க வேண்டுமா தம்பி என்று அம்மா முள்ளை எடுத்துவிட்டிருக்கிறாள். "அவருகிட்டச் சொல்லாதீங்க. மறந்துட்டமேன்னு மனசு சங்கடப்படுவாரு," என்று கேட்டுக்கொண்டாராம் அவர். அப்பா வீம்புக்குச் செய்ததைத் தம்பி பெருந்தன்மையாகச் சரி செய்துவிட்டார் என்று அம்மாவுக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை வருடமும் அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"கூடையத் தூக்கி உட்டதே நாந்தானுங்க," என்றாள் அப்பாவிடம்.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று அண்ணன் சொல்லவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தால் வருந்துவார் என்று தம்பி சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நல்லது என்று அம்மா சொல்லவில்லை. அப்பா தடுத்தார் என்று நானும் இருந்துவிட்டேன். மண்ணுக்கு அடியில் வேர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

அடுத்த வருடம் சித்தப்பா காடு எங்களுடையதைவிட வேகமாகப் போனது. எங்களுக்கு மரத்துக்கு மரம் வேர் வழியாக மெல்ல நடந்து வந்த நோய், அங்கே எல்லா மரத்துக்கும் ஒரே நாளில் கையால் வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கோடையில் நிழல் என்று நிற்க இரண்டு மூன்று மரங்கள்கூட இல்லை. மாடுகள் கிளுவை வேலியை ஒட்டி, அதன் விரலளவு நிழலில் தலையை மட்டும் நுழைத்து நின்றன. சித்தப்பா மாடுகளையும் ஆடுகளையும் விற்றுவிட்டு நூல் மில்லுக்குப் போக ஆரம்பித்தார். சீருடைச் சட்டையோடு மில் வேனுக்காக அவர் ரோட்டில் நிற்பதைப் பஸ்ஸிலிருந்து முதல் முறை பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அவர்தான் கிடங்கைப் பற்றி முதலில் பேசினார். எங்கள் எட்டு ஏக்கருக்கு அப்பால் மற்றவர்களின் கொரங்காடுகள் தொடர்ச்சியாகக் கிடக்கின்றன. வெள்வேலும் கிளுவையும் கொழுக்கட்டைப் புல்லுமாக, கண்ணுக்கெட்டியவரை. வேலிக்குத்தான் மேலே எல்லை உண்டு, வேருக்குக் கிடையாது. ஒரு நாள் மில் முடிந்து வந்தவர் எங்கள் தட்டியருகே நின்று, "நம்மளோட போகட்டுமுங்க. சுத்தி வெட்டிப் போடலாம்," என்றார். அப்பா தலையை ஆட்டினார். மறுவாரம் மிச்சமிருந்த மயிலைப் பசுவையும் செவலையையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

ஜேசிபி நான்கு நாள் ஓடியது. இடுப்புக்கு மேல் ஆழம், இறுகிய ஓடக்கல் பூமி. ஓட்டியவர் தெற்கத்திக்காரர். மழைத்தண்ணி நிக்கவா அண்ணாச்சி, இவ்வளவு ஆழம் எதுக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசி நாள் அவர் வண்டியை நடு வேலிப் பக்கம் திருப்பி, இரண்டு காட்டுக்கும் நடுவிலும் வெட்ட வேண்டுமா என்றார்.

"நடுவுல எதுக்குங்க," என்றார் சித்தப்பா. "ரெண்டும் ஒண்ணுதான் இப்ப."

பாகம் பிரித்த நிலம் அப்படித்தான் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. உள்ளே ஒரு மாடு இல்லை. ஜேசிபியை வெளியே விடுவதற்கு முன் சித்தப்பா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அதன் சக்கரத்தையும் கரண்டியையும் கழுவினார். அப்பா குச்சியால் இடுக்கில் இருந்த மண்ணை நோண்டி எடுத்தார். இருவரும் அந்த ஒரு மணி நேரமும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்திருந்தார்கள். கழுவிய சேற்றை ஒரு கூடையில் அள்ளி, கூடையோடு சேர்த்துக் கிடங்குக்கு உள்பக்கம் வீசினார்கள்.

வண்டிக்காரர் கணக்குச் சொன்னார். அப்பா மாடு விற்ற பணத்தை எடுத்து முழுவதையும் தானே கொடுக்கப் பார்த்தார். சித்தப்பா அவர் கையை மெதுவாக விலக்கினார். பாகம்னா பாகமுங்க என்றார். சிரிக்கவில்லை. மில் சட்டைப் பையிலிருந்து தன் பங்கை எடுத்து எண்ணி வைத்தார்.

மொத்தம் முப்பத்தொன்றாயிரத்து எண்ணூறு ரூபாய். ஆளுக்குப் பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரம்.